பூதக்கண்ணாடிக்கும் அதே ரகம்

அக்கா: விரலை நீட்டுடா. இப்படி சுருட்டி வச்சுக்கிட்டா எப்படிக் குத்துறது?

தம்பி: போன வாரம்தானே குத்தின. என் ரத்தத்தை வித்து வீடு கட்டப் போறியாக்கா?

அக்கா: உன் ரத்தத்துக்கு ஒரு செங்கல்கூட வராது. மருந்து கேட்டிருக்கா இல்லையான்னு பாக்கணும். நீட்டு.

தம்பி: மாமா, நீங்களாவது சொல்லுங்க. உங்க வீட்டம்மா லேப்பையே தூக்கிட்டு வந்து என் கட்டில்ல வச்சிருக்காங்க.

மாமா: மலேரியாவோடயே குடித்தனம் நடத்துறவ. நான் சொன்னா கேப்பாளா? நாங்க பொண்ணு பாக்கப் போனப்பவே என்னைப் பாத்து முதல்ல கேட்டது, கொசுவலை கட்டித் தூங்குவீங்களான்னுதான்.

அக்கா: ஆச்சு, முடிஞ்சுது. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்... கொஞ்சம் தள்ளிப் படு, நானும் உக்கார்றேன். சாயங்காலம் சுகாதார அதிகாரியைப் பாக்கணும். அதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

தம்பி: என்கிட்டயா? நான் ஏசி மெக்கானிக். அதிகாரி ரூம்ல தண்ணி சொட்டுதா?

அக்கா: உன் உடம்புல இருந்த கிருமியைப் பத்திக் கேக்கணும்.

மாமா: அதைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்? வாடகைகூட வாங்கல, பாவம்.

அக்கா: நீங்க அந்தத் துணியை மடிங்க. டேய், கேளு. காய்ச்சல்னு வர்றவங்க ரத்தத்தை எல்லாம் எடுத்து, அதுல இருக்கிற மலேரியாக் கிருமியோட மரபணுவைப் படிக்கிறோம்ல... குறிப்பிட்ட சில இடத்துல என்ன எழுத்து இருக்குன்னு பாப்போம். நம்ம ஊர்ல இதுவரைக்கும் பாத்ததுல ஒருத்தர் கிருமி மாதிரி இன்னொருத்தருக்கு இருந்ததே இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு விதம்.

தம்பி: எல்லாம் மலேரியாதானே. அதுல என்ன ஒரு விதம், ரெண்டு விதம்?

அக்கா: எல்லாம் ஏசிதானே, அதுல என்ன கம்பெனின்னு நான் கேட்டா விடுவியா?

தம்பி: அது வேற.

அக்கா: இதுவும் அப்படித்தான். நம்ம உடம்புக்குள்ள அது ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். எல்லாம் அச்சு அசல் ஒண்ணுதான். கல்யாணம் காட்சியெல்லாம் கொசு வயித்துக்குள்ள.

மாமா: கல்யாணமா?

அக்கா: ஆமாங்க. ஆணும் பெண்ணும் சேர்றது அங்கதான். இதுல பாதி அதுல பாதின்னு சீட்டைக் கலைச்சுப் போட்ட மாதிரி புதுப்புது ரகமா வெளிய வரும். அதனாலதான் ஊருக்குள்ள அத்தனை விதம்... ஏன்டா இருமுற?

தம்பி: தண்ணி குடிச்சேன்... புரை ஏறிடுச்சு.

அக்கா: டம்ளர் மேஜை மேலதானே இருக்கு.

மாமா: முன்னாடி குடிச்ச தண்ணியா இருக்கும். விடு. கல்யாணம்னு காதுல விழுந்தா இந்த வயசுல அப்படித்தான்.

அக்கா: சரி. இந்த வாரம் என்ன ஆச்சுன்னா, முதல் தடவையா ரெண்டு பேர் ரத்தத்துல ஒரே கிருமி. எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஒண்ணு உன்னோடது.

தம்பி: இன்னொண்ணு?

அக்கா: எங்க லேப்ல கண்ணாடித் துண்டுல ரத்தம் வச்சுப் பாக்குற பொண்ணு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாளே, பூதக்கண்ணாடின்னு கூப்பிடுவோம்.

தம்பி: யாரு... ஞாபகத்துக்கு வரலையே.

அக்கா: எங்க லேப் ஏசியை ரிப்பேர் பண்றேன்னு மாசத்துக்கு நாலு தடவை வந்தியே. அவ நாற்காலிக்கு நேர் மேலதான்டா அந்த ஏசி இருக்கு.

தம்பி: நான் மேல பாத்து வேலை செய்றவன்க்கா. கீழ பாக்க மாட்டேன்.

மாமா: தொழில்னா அப்படித்தான் இருக்கணும்.

அக்கா: உங்களை நான் கேட்டேனா? துணியை மடிங்க. ஒரே சட்டையை மூணாவது தடவையா மடிக்கிறீங்க.

மாமா: கை மடிப்பு சரியா வர மாட்டேங்குது...

தம்பி: சரிக்கா, ரெண்டும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டுமே. ஒரே மாதிரி சட்டை ரெண்டு பேர் போடுறதில்லையா?

அக்கா: போடலாம். ஆனா இந்த ரகத்துல ஒரு விவகாரம் இருக்கு. நாம எல்லாருக்கும் குடுக்கிற பழைய மாத்திரை இதுக்குக் கேக்காது. அதனாலதான் உங்க ரெண்டு பேருக்கும் மருந்தை மாத்தினோம். இல்லேன்னா இந்நேரம் உன்னை ஆஸ்பத்திரியில போட்டிருக்கணும்.

தம்பி: மாத்திரை ஏன் கேக்காது? அதுக்கு மட்டும் என்ன, காது இல்லையா?

அக்கா: தமாஷ் வேண்டாம். மருந்து இல்லாத வரைக்கும் எல்லா ரகமும் ஒண்ணுதான். இன்னும் சொல்லப் போனா இந்த மாதிரி ரகம் கொஞ்சம் நோஞ்சான். போட்டியில பின்னாடி நிக்கும். ஊரெல்லாம் பழைய மாத்திரையைக் குடுத்துக்கிட்டே இருந்தோம்னா மத்ததெல்லாம் சாகும், இது மட்டும் தாக்குப் பிடிக்கும். யாரும் இதைத் தேடிப் பிடிச்சு வளக்கல. மத்ததையெல்லாம் நாமளே அடிச்சு இதுக்கு இடம் விட்டுக் குடுத்துட்டோம்.

மாமா: எங்க ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்தன்னிக்கு அப்படித்தான் ஆச்சு. நல்லா ஓடுற பசங்க எல்லாம் சளியில படுத்துட்டானுங்க. குண்டுப் பையன் ஒருத்தன் கப்பு வாங்கிட்டுப் போயிட்டான்.

அக்கா: அதேதான். டிரில் மாஸ்டருக்குப் புரியுது, இவனுக்குப் புரியலையே.

தம்பி: எனக்கும் புரியுது. அதுக்கு அதிகாரியை எதுக்குப் பாக்கணும்?

அக்கா: நீ ஊருக்கு இந்தக் கோடி. அவ ஹாஸ்டல் அந்தக் கோடி. வெளியூர் போனியான்னு கேட்டேன், ஒரு மாசமா ஊரைத் தாண்டலைன்ன. அவளையும் கேட்டேன், தாண்டவே இல்லைன்னுட்டா. அப்ப என்ன அர்த்தம்?

தம்பி: என்ன அர்த்தம்?

அக்கா: மருந்துக்கு அடங்காத ரகம் ஒண்ணு ஊருக்குள்ள புகுந்து, மத்ததையெல்லாம் ஓரங்கட்டிட்டுத் தெருத்தெருவாப் பரவுதுன்னு அர்த்தம். சாயங்காலம் போய் அதைத்தான் சொல்லணும்.

மாமா: சொன்னா என்ன பண்ணுவாங்க?

அக்கா: புது மருந்து கையில இருக்கிறதே கொஞ்சம். அது காட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு போடுறாங்களே, அந்த கேம்ப்புக்கு லாரியில போறதா இருக்கு. அங்க குழந்தை குட்டியெல்லாம் காய்ச்சல்ல கிடக்குதுங்க, ரத்தம் எடுக்கக்கூட இன்னும் யாரும் போகல. நான் போய் ஊருக்குள்ள பரவிடுச்சுன்னு சொன்னா, லாரியை அப்படியே இங்க திருப்பிடுவாங்க. ஊர்ல ஆள் ஜாஸ்தி பாருங்க.

தம்பி: கேம்ப்புல இருக்கிறவங்களுக்கு?

அக்கா: அடுத்த லோடு வர்ற வரைக்கும் பழைய மாத்திரைதான்.

மாமா: ரெண்டு நாள் ஒத்திப் போடேன். எதுக்கும் அவசரப்படக் கூடாது.

அக்கா: லாரி நாளைக்குக் காலையில கிளம்புதுங்க.

தம்பி: அக்கா... வேற மாதிரி இருக்க வாய்ப்பே இல்லையா? கொசு பஸ்ல ஏறிப் போயிருக்கலாம்ல? ஜன்னல் ஓரமா உக்காந்து.

அக்கா: டிக்கெட் எடுத்துக்கிட்டா?

தம்பி: இல்ல, சும்மா கேட்டேன்.

அக்கா: வேற ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஒரே ராத்திரி, ஒரே இடத்துல, ஒரே கொசு உங்க ரெண்டு பேரையும் கடிச்சிருக்கணும். அவளைக் கொஞ்சம், உன்னைக் கொஞ்சம்னு. அப்படின்னா கிருமி ஊருக்குள்ள பரவல, நீங்க எங்கயோ போய் வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு ஆகும். ஆனா அது எப்படி முடியும்? நீதான் கீழயே பாக்க மாட்டியே.

தம்பி: மாமா...

மாமா: என்னை ஏன்டா பாக்குற? எனக்கு மலேரியா பத்தி ஒண்ணும் தெரியாது.

தம்பி: மாமா, அந்த கேம்ப்புல குழந்தைங்க இருக்கு. நாமளே... நானே பாத்தேன்.

அக்கா: எங்க பாத்த?

தம்பி: அது வந்து...

அக்கா: ஊரைத் தாண்டாதவன் காட்டுக்கு அந்தப் பக்கம் எதைடா பாத்த?

தம்பி: திட்ட மாட்டேன்னு சொல்லு.

அக்கா: திட்டுவேன். சொல்லு.

தம்பி: நாங்க போயிருந்தோம்க்கா. நானும் பூதக்கண்ணாடியும். அந்தப் பக்கத்து ஊருக்கு. திரும்பறப்ப கடைசி பஸ்ஸை விட்டுட்டோம். கேம்ப்புக்கு எதிர்ல பஸ் நிக்கிற இடத்துல ஒரு தகரக் கொட்டகை இருக்கு, விடிய விடிய அதுலதான் உக்காந்திருந்தோம். மழை வேற. கொசுன்னா கொசு, அப்படி ஒரு கொசு. அவ காதோரம் ஒண்ணு உக்காந்திருந்துச்சு, நான்தான் அடிச்சேன். உள்ளங்கையில ரத்தம். அது யாரோட ரத்தம்னு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருந்தோம்.

அக்கா: சிரிச்சீங்களா?

தம்பி: அப்ப சிரிப்பா இருந்துச்சு.

அக்கா: மலேரியா லேப்ல வேலை பாக்குறவ, கொசுவலை இல்லாம காட்டோரத்துல ராத்திரி முழுக்க உக்காந்து சிரிச்சிருக்கா. உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, உமி விக்கப் போனா காத்தடிக்குதுன்னு இருக்கு என் பொழப்பு. எதுக்குடா போனீங்க?

தம்பி: சும்மா... சுத்திப் பாக்க.

அக்கா: மழையில?

தம்பி: போகும்போது மழை இல்ல.

அக்கா: அந்த ஊர்ல சுத்திப் பாக்க என்ன இருக்கு? ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பதிவாளர் ஆபீஸ். பெட்ரோல் பங்க்கைப் பாக்கப் போனியா?

தம்பி: இல்லக்கா.

மாமா: சொல்லிடுடா. இதுக்கு மேல மூடினா பானை வெடிச்சிடும்.

தம்பி: கையெழுத்துப் போட்டுட்டோம்க்கா. கல்யாணம். இங்க பதிவாளர் உன்கூடப் படிச்சவங்க. உள்ள நுழைஞ்ச உடனே உனக்கு போன் வந்திருக்கும். அதான் அங்க போனோம். இப்பத் திட்டுக்கா.

அக்கா: எங்க ஏசி ஏன் அப்படி ஓயாம ரிப்பேர் ஆச்சு?

தம்பி: அவ ஃபியூஸை எடுத்து வச்சுக்குவா.

அக்கா: வேர்த்து விறுவிறுத்து நான் அங்க உக்காந்திருந்தேன்டா. விசிறிக்கிட்டு நின்னா அவ. மேடம், மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமான்னு எவ்வளவு அக்கறையாக் கேட்டா...

மாமா: நல்ல பொண்ணு.

அக்கா: எனக்கு ஏன்டா சொல்லல? அம்மா போனப்புறம் உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினவ நான். அவ வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அந்த லேப்லயே உருப்படியா கண்ணு தெரியுற ஆளு அந்த சோடாபுட்டிதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பூ வாங்கிட்டு வந்து நின்னிருப்பேனே. வயிறு எரியுதுடா எனக்கு.

தம்பி: சொல்லத்தான் நினைச்சோம். ஆனா நீதானே லேப்ல எல்லார் முன்னாடியும் சொன்ன, சொந்தக்காரங்க யாரும் என் கீழ வேலை பாக்கக் கூடாது, அது நிறுவனத்து விதின்னு. அவளுக்கு வேலை நிரந்தரமாக அடுத்த மாசம்தான் ஆர்டர் வருது. அதுக்கு முன்னாடி தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு பயந்தா. ஆர்டர் வந்த அன்னைக்கே உன் கால்ல விழறதா இருந்தோம்.

அக்கா: அனுப்ப மாட்டாங்கடா. வேற ஆளுக்குக் கீழ மாத்துவாங்க. மாடியில கொசு வளக்கிற பிரிவுல ஆள் இல்லாமத் தவிக்கிறாங்க.

தம்பி: கொசு வளக்கிறதா?

அக்கா: உங்க கல்யாணத்துக்குத் தரகர் அதுதானே. நன்றியோட வளக்கட்டும்.

மாமா: அப்பாடா. சுபம். நான் போய் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்.

தம்பி: அவளுக்கு போன் பண்ணட்டுமாக்கா? சொல்லிடலாம் சொல்லிடலாம்னு நேத்திலேர்ந்து அவதான் நச்சரிச்சுக்கிட்டிருந்தா. தப்பான ரிப்போர்ட் போகக் கூடாதுன்னு ஒரே அழுகை. நான்தான்...

அக்கா: நீதான் வாயை மூடுன்ன. அது தெரியுது. போன் அப்புறம் பண்ணு. இன்னும் முடியல.

மாமா: இன்னும் என்ன? ஒரே கொசு, ரெண்டு பேர், தகரக் கொட்டகை. கணக்கு சரியாப் போச்சு. மருந்து கேம்ப்புக்குப் போகட்டும்னு சொல்லிட்டு வந்துடு.

அக்கா: சொல்ல முடியாது.

மாமா: ஏன்?

அக்கா: மூணாவதா ஒரு ரத்தம் இருக்கு.

தம்பி: மூணாவதா?

அக்கா: மார்க்கெட் பக்கத்துல அந்தச் சின்ன கிளினிக் இருக்குல்ல, அங்கேர்ந்து வந்தது. அதே ரகம். இவங்க ரெண்டு பேரையும்தான் கொட்டகையில கொசு கடிச்சுது, சரி. இது யாரோ ஒரு ஆளு. அவரை எது கடிச்சுது? எங்க கடிச்சுது? அப்ப ஊருக்குள்ள பரவிடுச்சுன்னுதானே ஆகுது. லாரியைத் திருப்பத்தான் சொல்லணும்.

மாமா: பேரு... பேரு போட்டிருக்குமே.

அக்கா: பேரு வராது. நம்பர்தான் வரும். ஆம்பளை, நாப்பது தாண்டினவர்னு மட்டும் இருக்கு.

மாமா: ஊர்ல நாப்பது தாண்டின ஆம்பளைங்களுக்கா பஞ்சம்?

அக்கா: பஞ்சமில்ல. அதனாலதான் கவலையா இருக்கு.

மாமா: அவரும் எங்கயாவது வெளியூர் போயிருப்பார்.

அக்கா: யாரு கண்டா? வந்து சொன்னாத்தானே தெரியும்.

தம்பி: மாமா.

மாமா: நீ சும்மா படுடா. உனக்குக் காய்ச்சல்.

தம்பி: எனக்குப் போயிடுச்சு மாமா. அக்கா கேக்குதுல்ல.

மாமா: நான் டீ போடணும். அடுப்பு...

அக்கா: அடுப்பை யாரும் பத்த வைக்கல. என்னடா, மாமாவையே பாத்துக்கிட்டிருக்க?

தம்பி: நான் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்.

மாமா: உளறாதடா...

தம்பி: நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா. மருந்து எங்க போகணுமோ அங்க போகணும், அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா: ஆமா, மறந்தே போச்சு. உங்க ஸ்கூல் பசங்களைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு யாருங்க ஜெயிச்சது?

மாமா: எந்தப் போட்டி?

அக்கா: வெளியூர்ல. ராத்திரி தங்கிட்டு ஈரத் துணியோட வந்தீங்களே.

மாமா: அதுவா... மழை வந்து நிறுத்திட்டாங்க.

அக்கா: அன்னைக்கு இங்கயும்தான் மழை.

தம்பி: மாமா, ஒரு நிமிஷ வலிதான். நானே இப்பதான் தாண்டி வந்தேன்.

மாமா: சரி. சரி... போட்டியும் இல்ல, பசங்களும் இல்ல. சாட்சிக் கையெழுத்துக்கு வீட்டுப் பெரியவங்க ஒருத்தராவது வேணும் மாமான்னு இவன் வந்து நின்னான். அந்தப் பொண்ணுக்கும் சொல்லிக்க யாருமில்ல. எனக்கு மனசு கேக்கல. கொட்டகையில நடுவுல உக்காந்திருந்தது நான்தான். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன், கடி முக்கால்வாசி எனக்குத்தான். காய்ச்சல் வந்ததும் உன்கிட்ட சொன்னா எங்க போனீங்கன்னு கேப்ப, அதான் அந்த கிளினிக்குக்குப் போய் விரலைக் குத்திக்கிட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டிருக்கேன். உன் மூணாவது ஆளு நான்தான், தாயே. ஊருக்குள்ள ஒண்ணும் பரவல. இந்த வீட்டுக்குள்ளதான் பரவியிருக்கு. லாரியைத் திருப்பாத.

அக்கா: லாரி கேம்ப்புக்கே போகும்ங்க, நான் சொல்லிக்கிறேன். நீங்க முதல்ல கிளம்புங்க, வெளிய ஆட்டோ நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறோம். காலையில துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில அந்த கிளினிக் கவரும் அதுக்குள்ள பழைய மாத்திரையும் இருந்துச்சு. இந்த ரகத்துக்கு அது கேக்காதேன்னு அப்பலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேராக் கேட்டிருந்தா தலைவலி மாத்திரைன்னு சொல்லியிருப்பீங்க. மூணாவது ரத்தம்னு என்கிட்ட ஒண்ணும் கிடையாது... இனிமேதான் எடுக்கணும்.